நாற்பதாயிரம் வீட்டுக் கண்ணீர்

"அம்மா, தூங்குற மாதிரி நடிக்கிறவங்களுக்கு நிஜமாவே தூக்கம் வந்துட்டா யாரு எழுப்பி விடுவாங்க?"

தையல்காரியின் மகள் ஒரு நாள் மதியம் இப்படிக் கேட்டாள். அப்போது அவளைப் பள்ளியில் சேர்த்திருக்கவில்லை. டிவியில் இரண்டரை மணித் தொடரில் வரும் பெரியம்மா அன்றைக்குத்தான் மாடிப்படியில் உருண்டு விழுந்து, நினைவு தப்பி, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து சேர்ந்திருந்தாள். தையல்காரி பல்லிடுக்கில் நூலைக் கடித்தபடி, "டைரக்டர் எழுப்புவாரு. நீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டாள். குழந்தை நம்பிச் சாப்பிட்டது.

தையல்காரி கடவுளுக்குப் பயந்தவள். காலையில் மிஷினில் கால் வைக்குமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பாள். தைக்கக் கொடுத்த துணியில் விரற்கடை அளவு துண்டு மிஞ்சினாலும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவளுடைய கணவன் லிப்ட் பழுது பார்க்கிறவன். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். முன்னறையில் மிஷினும் அவளும்தான். பேச்சுத்துணை என்று சொன்னால், இரண்டரை மணிக்கு வரும் பெரியம்மாதான்.

அந்தத் தொடரை அவள் சும்மா பார்க்கிற வழக்கம் இல்லை. சின்ன மருமகள் பீரோச் சாவியைக் கொழுந்தனிடம் கொடுத்தபோது, "அவன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலையாடி உனக்கு?" என்று அதட்டினாள். கொழுந்தன் சாவியோடு ஓடியபோது, ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்கு இரண்டு இடது கைகளைத் தைத்துவிட்டாள். பெரியம்மா யாரையாவது திட்டினால் தானே நேரில் நின்று திட்டியதுபோல் அவளுக்கு நெஞ்சு ஆறும். பெரியம்மா திட்டிய கையோடு திட்டு வாங்கினவனுக்குச் சாப்பாடு போட்டு உட்காரவைப்பாள். அதற்காகவே தையல்காரிக்கு அவளைப் பிடிக்கும்.

இவ்வளவும் அவளோடு போயிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு பெட்டி இருந்தது.

ஒரு வருடத்துக்கு முன் உணர்வளவை நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்து, அறையை முழம் போட்டு, ஜன்னல்களை எண்ணி, இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். சோப்புப் பெட்டி அளவில் ஒரு சாதனத்தை டிவிக்குக் கீழே பொருத்தினார்கள். அதில் நான்கு பொத்தான்கள். நீலம் கண்ணீருக்கு, சிவப்பு கோபத்துக்கு, மஞ்சள் சிரிப்புக்கு, சாம்பல் நிறம் சலிப்புக்கு. விம்மல் என்றால் நீலத்தை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவள் ஒரு தடவை அழுத்தினால் நாற்பதாயிரம் வீடுகள் அழுததாகக் கொள்ளப்படும். அந்த நாற்பதாயிரம் பேரிடமும் கேட்டீர்களா என்று அவள் கேட்டதற்கு, கேட்டால் அளவை கெட்டுவிடும் என்று விளக்கினார்கள்.

பிறகு உறுதிமொழி. டிவியின் மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. விதி எழுதிய காலத்து டிவிக்கு மேல்பாகம் இருந்தது. இந்த டிவி சுவரோடு ஒட்டிய தகடாக இருந்ததால் ரிமோட்டின் மேல் கை வைக்கச் சொன்னார்கள். "பார்ப்பதைப் பார்ப்பேன். பார்த்தபடி உணர்வேன். உணர்ந்ததை மூன்று விநாடிக்குள் உண்மையாக அழுத்துவேன். இதை யாரிடமும் சொல்லேன்." தையல்காரி கண்ணை மூடி, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். கணவனிடம் எப்படி மறைப்பது என்று கேட்டாள். அவனுக்கும் படிவத்தில் இடம் இருந்தது. 'அறிந்தும் அறியாதவர்' என்று குறித்துக்கொண்டார்கள். அவன் அதைப் படித்துவிட்டு, கல்யாணம் ஆன நாள் முதல் தான் அந்தப் பதவியில்தான் இருப்பதாகச் சொன்னான்.

பெரியம்மா நினைவிழந்து இரண்டாவது வாரம், தையல்காரியின் கண் அந்த ஆஸ்பத்திரிச் சட்டையில் நிலைகுத்தியது.

தையல் தெரிந்தவளுக்கு முகத்துக்கு முன்னால் தோள்தான் தெரியும். முதல் நாள் தோள்முனையில் சரியாக உட்கார்ந்திருந்த தையல், இப்போது இரண்டு விரல் கீழே இறங்கிக் கிடந்தது. கழுத்துப்பட்டை குழிந்து நின்றது. மார்புப் பக்கம் துணி இழுபட்டுக் குறுக்கே மடிப்புகள் விழுந்திருந்தன. முதுகுப் பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்து ஊக்குக் குத்தியிருந்தாலொழிய அப்படி மடிப்பு விழாது. அப்படியென்றால் பெரியம்மாவாக நடிக்கிற அம்மாள் ஊக்குகளின் மேல் மல்லாந்து படுத்திருக்கிறாள். இரண்டு வாரத்தில் இந்த அளவு இளைப்பது நடிப்பு ஆகாது. உடம்பில் ஏதோ இருக்கிறது.

தையல்காரிக்குக் கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. சத்தியம் செய்தவள் ஆயிற்றே, மூன்று விநாடிக்குள் நீலத்தை அழுத்தினாள். நாற்பதாயிரம் வீடுகள் அழுதன.

மறுவாரம் பெரியம்மாவின் கட்டிலைப் பக்கவாட்டிலிருந்து காட்டினார்கள். அதற்கடுத்த வாரம் மேலிருந்து, காற்றாடி பார்க்கிற மாதிரி. சட்டை இன்னும் தளர்ந்திருந்தது. தையல்காரி இன்னும் அழுதாள். இரண்டு நாளில் கண் விழிப்பாள் என்று சொன்ன, தொடரில் வரும் டாக்டர், இரண்டு மாதம் ஆகும் என்றார். நீலம் ஏறியது. தொடர் டாக்டரே சுவரில் சாய்ந்து அழுதார். நீலம் மேலும் ஏறியது. எங்கிருந்தோ பெரியம்மாவின் இரட்டைச் சகோதரி வந்து சேர்ந்து, அக்காவின் கையைப் பிடித்ததும் அவளும் நினைவிழந்தாள். இரட்டைச் சகோதரிக்குத் தனி நடிகை கிடையாது. அதே அம்மாள்தான் காலையில் இந்தக் கட்டிலிலும் மாலையில் அந்தக் கட்டிலிலும் படுத்தாள். இரண்டு சட்டைகளிலும் அதே மடிப்பு விழுந்ததைத் தையல்காரி பார்த்தாள்.

நிலையத்தின் தொலைபேசி எண்ணுக்கு அழைத்தாள். அழுகை குறித்துப் பேச ஒன்று, கோபம் குறித்துப் பேச இரண்டு என்றது குரல். மனிதரோடு பேச எதை அழுத்துவது என்று அது சொல்லவில்லை. கடிதம் போட்டாள்: 'பெரியம்மாவாக நடிப்பவருக்கு உடம்பு சரியில்லை என்று தோன்றுகிறது. முதுகில் உள்ள ஊக்குகளையாவது எடுத்துவிட்டு இரண்டு தையல் போடவும்.' பத்து நாளில் பதில் வந்தது. 'தங்கள் கண்ணீர் எங்களுக்குக் கிடைத்தது. மேலும் எதிர்பார்க்கிறோம்.'

மறுநாள் காலை மகளைப் பள்ளியில் விட்டதும், மிஷினை மூடி வைத்துவிட்டு அவள் நேராக நிலையத்துக்குக் கிளம்பினாள். கிளம்பிய வேகத்தில் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்ற மறந்தாள்.

நிலையம் ஒன்பது மாடிக் கட்டடம். கீழே படப்பிடிப்புத் தளங்கள். மேலே அளவைப் பிரிவுகள். முதல் மாடியில் வரவேற்புப் பெண், அவளுடைய பெட்டி எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்தாள். பெட்டி வைத்த வீட்டார் யாரென்று நிலையத்துக்குத் தெரியக்கூடாது என்பது விதி. ஆகவே பெட்டி வைத்த வீட்டார் நிலையத்துக்கு வர முடியாது. வந்தால் வந்ததாகப் பதிய முடியாது. பதியாதவரை வெளியே அனுப்பவும் முடியாது; உள்ளே வந்தவரைத்தான் வெளியே அனுப்ப முடியும். வரவேற்புப் பெண் இதை மிகுந்த மரியாதையோடு எடுத்துச் சொல்லி, மதியம் வரை அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீரையும் யாரும் பார்க்காதபோது கொண்டுவந்து வைத்தாள். அந்தக் கட்டடத்தில் அன்று நடந்த முதல் ஒழுங்கான காரியம் அதுதான்.

மணி இரண்டரை ஆனதும் மேல்மாடியில் மணிகள் அலறின. ஆட்கள் படியில் மேலும் கீழும் ஓடினார்கள். நாற்பதாயிரம் வீடுகள் ஒரே நேரத்தில் டிவியை அணைத்துவிட்டதாக ஒருவன் கத்திக்கொண்டு போனான். எந்தப் பகுதியில் மின்சாரம் போயிற்று என்று இன்னொருவன் கேட்டான். தையல்காரி எழுந்து, அது தன் வீடுதான், தான் இங்கே இருப்பதால் அங்கே டிவி போடவில்லை என்று சொன்னாள். உடனே அவளை உணர்வுப் பிரிவுத் தலைவரின் அறைக்குக் கூட்டிப்போனார்கள்.

தலைவரின் அறைச் சுவரில் கண்ணீரின் வரைபடம் மாட்டியிருந்தது. நீலக்கோடு மலைபோல் ஏறிக்கொண்டே போயிருந்தது. தலைவர் எழுந்து கை கூப்பினார். அந்தக் கோட்டின் உச்சி முழுவதும் ஒரே வீட்டால் வந்தது, அந்த வீட்டாரை யாரென்று தெரியாமலே தாம் வணங்கி வந்ததாகச் சொன்னார். இப்போது தெரிந்துவிட்டதால் இனி வணங்க முடியாமல் போய்விட்டதே என்று வருந்தினார்.

"ஐயா, அவங்களுக்கு உடம்பு சரியில்லைங்க" என்றாள் தையல்காரி.

"யாருக்கும்மா?"

"பெரியம்மாவுக்கு."

"தெரியும்மா. கோமால இருக்காங்க."

"இல்லைங்க. கோமால இருக்கற மாதிரி படுத்திருக்காங்களே, அவங்களுக்கு. சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சு பாருங்க. அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன். கதையைப் பார்த்து அழலைங்க."

தலைவர் வரைபடத்தின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

"அம்மா, நாங்க மக்களோட உணர்வை மதிக்கிறவங்க. மதிச்சு, அளந்து, கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்கோம். மக்கள் நேர்ல வந்து பேசினாத்தான் எல்லாம் குழம்பிப் போயிடுது. நீங்க எதுக்கு அழுதீங்கன்னு எங்களுக்கு வேண்டாம். அழுதீங்களா, அது போதும். இப்ப நீங்க சொல்ற இந்த இரக்கம் இருக்கு பாருங்க, அதுக்கு எங்ககிட்ட பொத்தான் இல்லை. அஞ்சாவது பொத்தானுக்குக் குழு போட்டு ஆறு வருஷம் ஆச்சு. நிறம் முடிவாகலை."

"அவங்களுக்கு ரெண்டு நாள் லீவாவது குடுங்கய்யா."

"குடுத்திருப்போம்மா. உங்க நீலம் விடலையே."

தையல்காரிக்கு அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. வராதவள் முன்வாசல் வழியாகப் போக முடியாது என்பதால், அவளைப் பின்படி வழியாக இறங்கச் சொன்னார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போய் டிவியைப் போடும்படி தலைவர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

பின்படி போய் முடிந்த இடம் படப்பிடிப்புத் தளம்.

கழுத்தில் டேப்போடு வந்தவளை உடைப்பிரிவு ஆள் என்று எண்ணி யாரும் தடுக்கவில்லை. இரண்டு பக்கச் சுவர் மட்டும் உள்ள ஓர் ஆஸ்பத்திரி அறை அங்கே நின்றது. நடுவே கட்டில். கட்டிலில் பெரியம்மா. மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். பெரியம்மா மட்டும் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் கை இருந்த இடமும் குழாய் இருந்த இடமும் மாறிவிடும் என்று அவளைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருந்தார்கள்.

"உடைப்பிரிவா? புதுசா வந்திருக்கீங்களா?" என்றாள் பெரியம்மா, கண்ணை மட்டும் திருப்பி. "முதுகுல மூணாவது ஊக்கு திறந்துக்கிச்சும்மா. காலைலேர்ந்து குத்துது."

தையல்காரி ஊசியில் நூல் கோத்தாள். அவள் பையில் எப்போதும் இருக்கும். பெரியம்மாவை லேசாக ஒருக்களிக்க வைத்து, ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, துணியை மடித்துத் தைக்கத் தொடங்கினாள். முதுகில் ஊக்குக் குத்திய தடங்கள் வரிசையாகச் சிவந்திருந்தன. அவற்றின் மேல் துணி உரசாமல் தூக்கிப் பிடித்துத் தைத்தாள்.

உடம்புக்கு என்ன என்று கேட்டாள். வயிற்றில் கட்டி, ஆபரேஷன் செய்தாக வேண்டும், டாக்டர் இரண்டு மாதமாக நாள் குறித்துக் குறித்து அலுத்துவிட்டார் என்றாள் பெரியம்மா. இந்த மாதம் தாண்டினால் தான் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டாராம்.

"அப்ப போகவேண்டியதுதானேம்மா?"

"ஆஸ்பத்திரில படுக்க எனக்கு எங்கம்மா நேரம்? இங்க ரெண்டு கட்டில்ல படுக்கணுமே." பெரியம்மா சிரித்தாள்; சிரித்ததில் வயிறு வலித்து நிறுத்திக்கொண்டாள். "ஊருல எவளோ ஒரு புண்ணியவதி என்னைப் பார்த்து விழுந்து விழுந்து அழுறாளாம். மேல கோடு ஏறிக்கிட்டே போகுதாம். அவளுக்கு அலுத்துப் போற வரைக்கும் எனக்கு விடுதலை இல்லை. நல்ல மனசுக்காரிதான், பாவம். அவளுக்கு என்ன தெரியும்?"

தையல்காரியின் ஊசி பாதித் தையலில் நின்றது. நான்தான் அது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் விளக்குகள் எரிந்தன, யாரோ கைதட்டினார்கள், கேமரா ஓடத் தொடங்கியது. நினைவிழந்த பெரியம்மாவின் முதுகில் ஒரு பெண் தையல் போடுகிற காட்சி இரண்டு நிமிடம் பதிவாகிவிட்டது.

தள மேலாளர் ஓடி வந்தார். உடைப்பிரிவில் இப்படியோர் ஆள் கிடையாது என்று தெரிந்ததும் அவருக்கு முகம் சிவந்தது. வெளியாள் நடிகையைத் தொட்டால் விசாரணை. பெட்டி வைத்த வீட்டார் தொட்டால் காவல்நிலையம் வரை போகும். யார் நீ, எந்த வீடு, அட்டையை எடு என்று அதட்டினார். தையல்காரி அவசரமாக முடிச்சுப் போட்டு நூலைக் கடித்து அறுத்தாள்.

"எனக்கு வேண்டியவங்க. நான்தான் வரச்சொன்னேன்" என்றாள் பெரியம்மா கட்டிலிலிருந்தே.

வெளியாளைத் தளத்துக்கு அழைத்தவருக்கு என்ன தண்டனை என்பது அவளுக்குத் தெரியும். அன்று மிச்சமிருந்த ஓய்வு நேரம் ரத்து. மேலாளர் அதைப் படித்துக் காட்டினார். பெரியம்மா சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். தையல்காரியின் கையை மட்டும், போ என்கிற மாதிரி ஒரு தடவை தட்டினாள். அந்த விரல்கள் சில்லென்றிருந்தன.

வீட்டுக்கு வந்தவளுக்கு அன்றும் மறுநாளும் வேலை ஓடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. செய்வதற்குத்தான் மனம் வரவில்லை. உணர்ந்ததை உண்மையாக அழுத்துவேன் என்று வாய் திறந்து சொன்ன வார்த்தை அது. விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அலுப்பைக் காட்டினால் தொடரிலிருந்து பெரியம்மா போய்விடுவாள். பிறகு இரண்டரை மணிக்கு அந்த அறையில் மிஷின் சத்தம் மட்டும்தான். மூன்றாம் நாள் காலை மிஷின் முன் நின்று வழக்கத்தைவிட நீண்ட நேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கடவுளே, பொய் அழுத்தப் போறேன். பழி என்மேலயே இருக்கட்டும்."

அன்று பெரியம்மாவின் கட்டிலருகே மொத்தக் குடும்பமும் கூடி அழுதது. தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாம்பல் பொத்தானை அழுத்தினாள்.

மாலையே ஒருவன் வந்து பொத்தான் சிக்கிக்கொண்டதா என்று பார்த்தான். பொத்தான் நன்றாக இருந்தது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டான். யாருடைய உடம்பைப் பற்றியும் அந்த நிலையம் விசாரித்தது அதுவே முதல் தடவை. மறுநாள் தொடரில் மழை பெய்தது. சாம்பல். அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரி தீப்பிடித்தது. கட்டிலோடு பெரியம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தையல்காரி பதறி எழுந்து, எழுந்த வாக்கில் சாம்பலை அழுத்தினாள். இரட்டைச் சகோதரி ஒரே நாளில் தொடரிலிருந்து நீக்கப்பட்டாள். செத்தாளா, ஊருக்குப் போனாளா என்று யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் நிலையம் கடிதம் அனுப்பியது. நாற்பதாயிரம் குடும்பங்களின் மனம் கல்லாகிவிட்டதைக் குறித்துத் தலைவர் ஆழ்ந்த கவலை தெரிவித்திருந்தார். அந்தக் குடும்பங்களுக்காக ஒரு கருத்தரங்கம் நடக்கவிருப்பதாகவும், அதற்கு அவர்களில் யாருக்கும் அழைப்பில்லை என்றும் எழுதியிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் பெரியம்மா கண் விழித்தாள். வெளிநாட்டிலுள்ள தம்பி வீட்டுக்கு அவளை அனுப்பிவைக்க ஐந்து நிமிடத்தில் முடிவானது.

பெரியம்மா கிளம்புகிற நாள் மதியம், கணவன் வேலைக்குப் போயிருந்தான், குழந்தை பள்ளியில் இருந்தது. கதவைத் தாழிட்டுவிட்டு, தையல்காரி டிவியின் முன் தரையில் உட்கார்ந்தாள்.

பெரியம்மா வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். சாவியைத் திருடிய கொழுந்தனைக் கடைசியாகக் கூப்பிட்டு, வாயாரத் திட்டி, சாப்பிட்டாயா என்று கேட்டாள். தொடர் தொடங்கிய நாள் முதல் அவள் அப்படி நடித்ததில்லை. வீட்டுக்குப் போகிற சந்தோஷம் அந்த முகத்தில் தெரிந்தது. ஒரு தடவை நீலம் அழுத்தினால் போதும், இன்னும் ஒரு மாதம் வாசலிலேயே நிற்கவைத்து விடைபெறச் சொல்வார்கள் என்று தையல்காரிக்குத் தெரியும்.

முகம் முழுக்க நனைந்து, மூக்கு ஒழுகி, விம்மல் அடக்க முடியாமல் வந்தது. இடது கையால் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். வலது கட்டைவிரல் சாம்பல் பொத்தானின் மேல் இருந்தது. பெரியம்மா படியிறங்கி, காரில் ஏறி, கார் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அவள் விரலை எடுக்கவில்லை.